பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு: ஒரே நிலையில் நின்றுவிடுபவர்களுக்கு என்ன செய்யலாம்?

வன்னிக்காற்று | ஸ்காபரோ

வணக்கம் உறவுகளே. ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தில் மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். தொண்டாகச் செய்வது. பகலில் லிங்க் வகுப்புக்குப் போய்விட்டு மேலதிகமாகப் படிக்க வருபவர்களும் உண்டு, வேலையால் லிங்க் பக்கமே போக முடியாதவர்களும் உண்டு.

கனடாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு: லிங்க் என்பது புதிதாகக் குடியேறியவர்களுக்கு மத்திய அரசு 1992 முதல் இலவசமாக நடத்தும் மொழி வகுப்பு. நிலைகளை சிஎல்பி என்ற கனடிய மொழி அளவுகோலில் 1 தொடக்கம் 12 வரை எண்ணுவார்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் கேட்பதிலும் பேசுவதிலும் நான்காம் நிலையைக் காட்ட வேண்டும். அந்த நான்குதான் எங்கள் சனத்துக்கு மலையாக நிற்கிறது.

என் வகுப்பில் மூன்று பேர் கனகாலமாக நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள்.

ஒருவர் நாற்பது கடந்த பெண். 95 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு அவருடைய பள்ளிக்கூடம் நின்றுபோனது. வகுப்புக்குத் தவறாமல் வருகிறார், கொப்பி நிறைய எழுதுகிறார். ஆனால் போன கிழமை படித்த சொல் இந்தக் கிழமை இல்லை.

இன்னொருவர் ஊரில் ஏ.எல். (உயர்தரம்) வரை படித்து, கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். இலக்கணப் பயிற்சி எதைக் கொடுத்தாலும் முழுப் புள்ளி. ஆனால் வாய் திறக்கமாட்டார்.

மூன்றாமவர் வந்து நீண்ட காலம், தொழிற்சாலை வேலை. யாரோடும் தயங்காமல் ஆங்கிலத்தில் கதைப்பார், சிரிப்பார். ஆனால் நேற்று நடந்ததும் நாளை நடக்கப்போவதும் ஒரே மாதிரித்தான் வரும். மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை.

மூவரும் உழைக்கிறார்கள். 'வயது போய்விட்டது', 'ஆர்வம் இல்லை' என்ற பதில்களை நான் ஏற்கமாட்டேன். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவைப் பயிற்சியாளர் | கோயம்புத்தூர்

வணக்கம் மேடம். நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். கடை ஊழியர்கள், மில் அலுவலகத்தில் இருப்பவர்கள், வங்கி நேர்முகத்துக்குத் தயாராகிறவர்கள் வருகிறார்கள். என் முதல் விதி, வகுப்புக்குள் தமிழ் கூடாது. தமிழ் கிடைத்தால் அதிலேயே தங்கிவிடுவார்கள். வீட்டிலும் குழந்தைகளோடு ஆங்கிலத்தில் பேசச் சொல்லுங்கள். கனடாவில் இருந்துகொண்டு ஆங்கிலம் வரவில்லை என்றால் சுற்றிலும் தமிழ் ஆட்களாகவே இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அந்தச் சூழலை உடைத்தால் தானாக வந்துவிடும்.

ஈஸ்ட்ஹாம் வாத்தியார் | லண்டன்

கோவை நண்பரோடு நான் உடன்படவில்லை. குறைந்தபட்சம் அந்த முதல் பெண் விஷயத்தில்.

இங்கே ஈசோல் என்ற பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பில் என்ட்ரி 1, 2, 3 என்று போகும். நிரந்தர வதிவிடத்துக்கு ஐரோப்பிய மொழி அளவுகோலில் பி1 நிலை கேட்கிறார்கள், அது கிட்டத்தட்ட என்ட்ரி 3. என்ட்ரி 1இலேயே சுற்றிச் சுற்றி வருபவர்களைக் காலேஜ்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழர், சோமாலியர், வங்காளிகள், ஆப்கானியர் எல்லாரும் இருக்கிறார்கள். நிற்பவர்களைப் பார்த்து 'இவர் ஏன் முன்னேறவில்லை' என்று கேட்பதைவிட 'இவர் எதைப் படித்துக்கொண்டிருக்கிறார்' என்று கேட்பதே நல்லது என்பது என் கருத்து.

வன்னிக்காற்று, நீங்கள் ஒன்று செய்யுங்கள். அந்த அக்காவைத் தனியாக இருத்தி, ஒரு தமிழ்ப் பத்திரிகைச் செய்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் முன்னால் வேண்டாம். அவர் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார் என்றால், அவர் உங்களிடம் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறார்: வாசிக்கவே பழகுகிறார், அதையும் தெரியாத ஒரு மொழியில் பழகுகிறார். கொப்பி நிறைய எழுதுகிறார் என்றீர்கள். பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவது எழுத்தறிவு ஆகாது. பலருக்கு அது படம் கீறுவதுதான்.

நாம் கொடுக்கும் தாள்களையும் பாருங்கள். அட்டவணை, கோடிட்ட இடம் நிரப்புதல், அம்புக்குறி போட்டு இணைத்தல். இதெல்லாம் மொழியே இல்லை, பள்ளிக்கூடப் பழக்கம். ஒரு அட்டவணையில் மேலிருந்து கீழும் பக்கவாட்டிலும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பழக்கம் உள்ள கண்ணுக்குத்தான் இயல்பு. அவருக்குப் பதில் தெரிந்திருக்கலாம், தாள் விளங்கியிருக்காது.

இப்படிப்பட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி, அவருடைய சொந்தக் கதையையே பாடப்புத்தகம் ஆக்குவது. அவர் தன் வேலையைப் பற்றித் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லட்டும், இடையில் தமிழ் வந்தால் வரட்டும். நீங்கள் அதை நாலைந்து சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள். அதையே அவர் வாசிக்கட்டும். அடுத்த வகுப்பில் வாக்கியங்களைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். அதற்கடுத்த நாள் சொற்களாக வெட்டுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், முழுக் கவனமும் எழுத்தின் மேல் போகும்.

சொற்கள் மறக்கின்றன என்றீர்களே, கிழமைக்கு எத்தனை கொடுக்கிறீர்கள்? பத்துப் போதும். ஆனால் அந்தப் பத்தும் மறுநாள், மூன்று நாள் கழித்து, அடுத்த கிழமை, அடுத்த மாதம் என்று திரும்பத் திரும்ப வர வேண்டும். புதிய சொல்லைக் கொடுப்பது ஆசிரியருக்குத் திருப்தி தரும் வேலை. பழையதைத் திரும்பக் கொண்டுவருவதில்தான் படிப்பு இருக்கிறது.

இன்னொன்று மணிக்கணக்கு. கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் மதிப்பீட்டில், தொடக்கத்திலிருந்து, பி1க்கு முந்தைய படியான ஏ2 வர 180 முதல் 200 மணி நேர வழிகாட்டப்பட்ட படிப்பு தேவை. பி1க்கு 350 முதல் 400. வாரத்துக்கு இரண்டு வகுப்பு, வகுப்புக்கு இரண்டு மணி, ஆண்டுக்கு 36 வாரம் என்றால் 144 மணிதான் ஆகிறது. எழுத்தறிவு உள்ளவருக்கே பி1 வர கிட்டத்தட்ட இரண்டரை ஆண்டாவது ஆகும். பள்ளிக்கூடம் இடையில் நின்றவருக்கு அதைவிட நிச்சயமாகக் கூட. 'நின்றுவிட்டார்' என்று நாம் சொல்லும் பலர் உண்மையில் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதை அவர்களிடம் இந்தக் கணக்கோடு சொல்ல வேண்டும். தான் மக்கு என்று நினைத்துக்கொண்டே வகுப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் ஏறாது.

ராத்திரி ஷிஃப்ட் | பிராம்டன்

நான் ஆசிரியன் இல்லை, படித்த பக்கத்து ஆள். அந்த மூன்றாமவர் மாதிரி நானும் தொழிற்சாலைதான்.

எனக்குப் பெரிய பிரச்சினை பேச்சு இல்லை, காது. வகுப்பில் ஒலிபரப்பும் பதிவில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும். வேலைத்தலத்தில் 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' என்று யாரும் சொல்வதில்லை. 'வாச்சகனடூ' என்று ஒரே மூச்சில் வரும். 'டூ யூ வான்ட் டு' என்பது 'ஜவானா' ஆகிவிடும். தாளில் எழுதிக் காட்டினால் இதுவா என்று தோன்றும், ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல். இந்த ஒட்டிப்போன உச்சரிப்பை யாராவது ஆரம்பத்திலேயே சொல்லித் தந்திருந்தால் எனக்கு நிறைய நேரம் மிச்சமாகியிருக்கும்.

எனக்குக் கைகொடுத்தது கார் வானொலி. சிட்டிநியூஸ் 680இல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போக்குவரத்தும் வானிலையும் சொல்வார்கள். 401இல் விபத்து, இடது பாதை மூடியிருக்கிறது, டான் வேலியில் நெரிசல், இவைதான் திரும்பத் திரும்ப. வேகமாகப் பேசுவார்கள், ஆனால் சொல்வது அதே ஐம்பது அறுபது சொற்கள். முதலில் இரைச்சலாக இருந்தது, பிறகு 401 மட்டும் கேட்டது, பிறகு எந்தப் பாதை என்று கேட்டது. நான் ஓட்டிக்கொண்டிருந்த தெருவைப் பற்றியே சொன்னதால் சரியா தவறா என்று உடனே கண்ணால் பார்த்துக்கொள்ளவும் முடிந்தது. படம் பாருங்கள், தொடர் பாருங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். அதில் ஒவ்வொரு நிமிடமும் புதிய சொல். எங்களுக்கு அது அதிகம்.

இன்னொரு விஷயம், ராத்திரி வேலை முடித்துவிட்டு வகுப்புக்கு வருபவரிடம் புதிய பாடம் எதிர்பார்க்காதீர்கள். நித்திரை இல்லாத தலையில் நிற்காது. அன்றைக்குப் பழையதைத் திரும்பச் செய்யவிடுங்கள்.

கண்ணாடிக் கடை | மார்க்கம்

சுருக்கமாக ஒன்று. நாற்பது வயதுக்கு மேல் கிட்ட இருப்பதைப் பார்க்கும் திறன் குறையத் தொடங்குவது எல்லாருக்கும் நடப்பது. தன் மொழியில் வாசிக்கும்போது மூளை ஊகித்து நிரப்பிவிடும், அதனால் குறை தெரியாது. புதிய மொழியில் ஊகிக்க முடியாது, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிய வேண்டும். தலைவலி, தாளைத் தூரப் பிடிப்பது, வரி மாறி வாசிப்பது இருந்தால் முதலில் கண்ணைப் பாருங்கள். ஒன்ராறியோவில் 20 முதல் 64 வயது வரை உள்ளவர்களின் கண் பரிசோதனைக்கு, குறிப்பிட்ட சில நோய்கள் இருந்தால் தவிர, ஒஹிப் (மாகாண மருத்துவக் காப்புறுதி) பணம் கொடுக்காது. பலர் போகாமல் இருப்பதற்கு அதுவே காரணம். தாள்களைப் பெரிய எழுத்தில் அச்சடிப்பதற்குச் செலவு அதிகமில்லை.

தொழிற்சாலைக்காரருக்குக் காதும் பாருங்கள். இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு முதலில் போவது உயர்ந்த ஒலிகள். ஆங்கிலத்தில் எஸ், எஃப், டி, டிஎச் எல்லாம் அந்தப் பக்கம்தான். சொல்லின் கடைசியில் வரும் எஸ்ஸும் டியும் காதில் விழாதவர் அதை எப்படிப் பேசுவார்?

வன்னிக்காற்று | ஸ்காபரோ

எல்லாருக்கும் நன்றி. ஈஸ்ட்ஹாம் வாத்தியார் சொன்னபடி அந்த அக்காவோடு நிலையத்துச் சமையலறையில் இருந்து ஒரு தமிழ்ச் செய்தியை வாசித்துப் பார்த்தோம். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தார், ஒரு பந்தி முடிய வியர்த்துவிட்டது. கோயிலில் தேவாரப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாராம், ஆனால் பாடுவது மனப்பாடத்திலிருந்து. இவ்வளவு காலமும் எந்த வகுப்பிலும் யாரும் இதைக் கேட்டதில்லை என்றார். லிங்க் வகுப்புகளில் எழுத்தறிவு குறைந்தவர்களுக்கென்று தனிப் பிரிவு சில இடங்களில் இருக்கிறது. அவரை அதற்கு மாற்றப் பேச்சுக் கொடுத்திருக்கிறேன்.

அவர் ஹோட்டல் அறை சுத்தம் செய்யும் வேலை. அவருடைய கதையை ஐந்து வாக்கியமாக எழுதினோம். நான் 'டென் ரூம்ஸ்' என்று எழுத, 'நோ, ட்வெல்வ் ரூம்ஸ்' என்று திருத்தினார். என் எழுத்தை அவர் திருத்தியது அதுதான் முதல் தடவை. அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

தமிழ் கூடாது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் இந்தப் பயிற்சி, எதற்கு இந்தத் துண்டுகள் என்பதைத் தமிழில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டால், மிச்ச நேரம் முழுதும் ஆங்கிலத்துக்குக் கிடைக்கிறது.

மூத்தமகள் | அஜாக்ஸ்

நான் அம்மாவுக்காக இந்த இழையைப் படிக்கிறேன். வீட்டில் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசச் சொல்லுங்கள் என்று மேலே எழுதியிருந்தது. தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள்.

சின்ன வயதிலிருந்து அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். வங்கி, பள்ளிக்கூடம், டாக்டர். டாக்டர் அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசுவார். அம்மாவின் கர்ப்பப்பைப் பிரச்சினையைப் பதினொரு வயதில் நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் அம்மா ஆங்கிலத்தில் ஏதாவது முயற்சி செய்தால் தம்பிமார் அதே உச்சரிப்பில் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. அம்மா எங்கள் முன்னால் ஆங்கிலம் பேசுவதையே விட்டுவிட்டார். தமிழில்தான் அம்மா எங்களுக்கு அம்மா. அதையும் எடுத்துவிட்டால் வீட்டில் அவரே ஒரு மாணவியாகிவிடுவார்.

ஆசிரியர்கள் குடும்பத்தையும் ஒரு நாள் வகுப்புக்குக் கூப்பிட்டுப் பேசினால் நல்லது. இரண்டே வேண்டுகோள்: சிரிக்காதீர்கள், ஃபோனைப் பறிக்காதீர்கள். அம்மா கிளினிக்குக்கு அழைத்து நேரம் எடுக்க ஐந்து நிமிடம் ஆகும், எனக்கு ஒரு நிமிடம். அந்த நாலு நிமிடம் பொறுக்காமல்தான் நாங்கள் ஒவ்வொரு தடவையும் வாங்கிப் பேசிவிடுகிறோம். பெரிய மருத்துவ விஷயங்களுக்கு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், பிள்ளையை அனுப்பாதீர்கள்.

கோவைப் பயிற்சியாளர் | கோயம்புத்தூர்

தங்கச்சி எழுதியதைப் படித்தேன். டாக்டர் விஷயம் மனதைத் தொந்தரவு செய்தது. உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு வீட்டில் ஆங்கிலம் என்பது பொருந்தாது, சரி. ஆனால் வகுப்பில் தமிழ் கூடாது என்பதில் நான் நிற்கிறேன், என் மாணவர்கள் வேறு ரகம். பன்னிரண்டாவது வரை ஆங்கிலம் ஒரு பாடமாகப் படித்து, ஒரு வாக்கியம்கூட வாயால் சொல்லாமல் வெளியே வந்தவர்கள். மேடம் சொன்ன அந்த இரண்டாமவர் என் வகுப்பில் இருந்தால் அவருக்கு இலக்கணத் தாளே கொடுக்கமாட்டேன். அது அவருக்கு ஒளிந்துகொள்ளும் இடம். சரியான வாக்கியம் மனதில் தயாராகும்வரை பேசமாட்டார், அது தயாராவதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

நான் செய்வது இது. தனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம் சொல்ல வேண்டும். அவருக்குக் கூட்டுறவுச் சங்கக் கணக்கே போதும். பிறகு ஆளை மாற்றி அதே விஷயத்தை மூன்று நிமிடத்தில். மறுபடி ஆளை மாற்றி இரண்டு நிமிடத்தில். புதிதாக யோசிக்க எதுவும் இல்லை, கேட்பவரும் புது ஆள், அதனால் மூன்றாம் தடவை தயக்கம் குறைந்து ஓட்டம் வந்துவிடும். நடுவில் ஒரு திருத்தம்கூடச் சொல்லக்கூடாது. முடிந்தபின் எல்லாருக்கும் பொதுவாக ஒன்றிரண்டு பலகையில் எழுதலாம், யார் சொன்னது என்று காட்டாமல். கூட்டத்தில் பேசவே மாட்டார் என்றால் முதலில் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம் என்ற தைரியம் அதில் உண்டு.

ஈஸ்ட்ஹாம் வாத்தியார் | லண்டன்

நல்ல பயிற்சி, நானும் செய்கிறேன்.

மூன்றாமவரைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை, ஆனால் மூவரிலும் கடினமானவர் அவர்தான். 1983இல் ரிச்சர்ட் ஷ்மிட் என்பவர் ஒரு ஆய்வு வெளியிட்டார். ஜப்பானிலிருந்து ஹவாயில் குடியேறிய ஓர் ஓவியர், ஆய்வில் அவருக்கு வெஸ் என்று பெயர். நண்பர்கள், வியாபாரம் எல்லாம் ஆங்கிலத்தில். மூன்று ஆண்டுகள் அவருடைய பேச்சைத் தொடர்ந்து கவனித்தார்கள். பேசிப் பழகும் திறன் நன்றாக வளர்ந்தது, இலக்கணம் மட்டும் கிட்டத்தட்ட அசையவே இல்லை. கோவை நண்பர் முதலில் சொன்ன 'சூழல் இருந்தால் தானாக வரும்' என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான மறுப்பு இதுதான். தான் சொல்வது மற்றவருக்கு விளங்கிவிடுகிறது என்றால், திருத்திக்கொள்ள மூளைக்குக் காரணமே இல்லை.

ஆகவே காரணத்தை நாம் கொடுக்க வேண்டும். எல்லாப் பிழையையும் திருத்தப் போகாதீர்கள். ஒன்றை மட்டும் எடுங்கள். அவருக்கு அது இறந்தகாலம், ஏனென்றால் மேற்பார்வையாளர் வேலையே நடந்ததைச் சொல்வதுதான்: ஷிஃப்ட் ஒப்படைக்கும் குறிப்பு, விபத்து அறிக்கை. 'மெஷின் ஸ்டாப்ட் அட் டென். ஐ கால்ட் மெயின்டனன்ஸ். தே சேஞ்ச்ட் த பெல்ட்.' இப்படி அவருடைய சொந்த ஷிஃப்ட்டைத் தினமும் நாலு வரி எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பிறகு பார்க்காமல் வாயால் சொல்ல வேண்டும். பதிவுசெய்து அவரே கேட்டு, எங்கே கடைசி ஒலி விழவில்லை என்று அவரே குறிக்க வேண்டும். நீங்கள் சொல்லும் திருத்தம் காதோடு போய்விடும், அவரே கண்டுபிடிப்பதுதான் நிற்கும். இடையில் 'ஹி கோ' என்று சொன்னால் விட்டுவிடுங்கள். 'ஹி கோஸ்' என்பதில் வரும் அந்த எஸ் ஆங்கிலம் கற்கும் அநேகமானவர்களுக்குக் கடைசியில்தான் படியும்.

கண்ணாடிக் கடை சொன்ன காதுப் பரிசோதனையை இவருக்கு முதலில் செய்யுங்கள்.

ராத்திரி ஷிஃப்ட் | பிராம்டன்

ஷிஃப்ட் குறிப்பு நல்ல யோசனை அண்ணா. எங்கள் இடத்தில் அதை எழுதத் தெரிந்த ஒருவருக்குத்தான் லீட் வேலை கிடைத்தது. ஒன்று கேட்க வேண்டும்: குடியுரிமை எடுத்துவிட்டால் லிங்க் வகுப்பை நிறுத்திவிடுவார்களா? எனக்கு அடுத்து அந்தக் கட்டம்தான்.

மூத்தமகள் | அஜாக்ஸ்

எனக்கும் ஒரு கேள்வி. அம்மாவுக்கு 57. குடியுரிமைத் தேர்வுக்குப் பயந்தே விண்ணப்பிக்காமல் இருக்கிறார்.

வன்னிக்காற்று | ஸ்காபரோ

ராத்திரி ஷிஃப்ட் தம்பி, லிங்க் மத்திய அரசின் பணத்தில் நடப்பது, கனடியக் குடிமக்களுக்கு இடம் இல்லை. ஆனால் பள்ளிச் சபைகள் மாகாணப் பணத்தில் நடத்தும் பெரியவர்களுக்கான ஈஎஸ்எல் (இரண்டாம் மொழியாக ஆங்கிலம்) வகுப்புகளில் குடிமக்களும் சேரலாம். உங்கள் பகுதிப் பள்ளிச் சபையில் கேளுங்கள், மாலை வகுப்பு இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

மூத்தமகள், அம்மாவுக்கு அந்தப் பயம் தேவையில்லை. 55 வயது ஆகிவிட்டால் மொழிச் சான்றும் கேட்கமாட்டார்கள், இருபது கேள்வித் தேர்வும் இல்லை. வசிப்பு நாட்கள் போன்ற மற்ற நிபந்தனைகள் சரியாக இருந்தால் விண்ணப்பிக்கலாம். வகுப்புக்கும் அழைத்து வாருங்கள், கிளினிக்குக்கு ஃபோன் செய்வதிலிருந்து தொடங்கலாம். புதன்கிழமை மாலை, இறைச்சிக் கடை வரிசைக்குப் பின்னால் உள்ள கட்டடம். இடம் தெரியாவிட்டால் தனிமடலில் எழுதுங்கள்.